எங்கள் பசு சாணி போட்ட நாள்

போன மாரி மழைக்குச் சற்று முன், தேற்றாத்தீவில் வாவிப் பக்கமாக உள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது. பிள்ளைகளே, சாணி என்றதும் மூக்கைப் பொத்தாமல் கேளுங்கள்.

எங்கள் கறவைப் பசு வாவிக்கரையில் மேயும்போது, மிச்சச் சோறு மணத்த பிளாஸ்டிக் சொப்பிங் பைகளையும் சேர்த்து விழுங்கியிருந்தது. மாட்டு டொக்டர் இடப்பக்க வயிற்றைத் திறந்து, பந்து போல் திரண்டிருந்த பைகளை எடுத்துத் தைத்துவிட்டார். தப்பிவிட்டது என்று நினைத்தோம். ஆனால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் அது அசைபோடவில்லை, சாணி போடவில்லை. வைத்த புல் வைத்தபடி கிடந்தது. கன்று முட்டி முட்டிப் பார்த்தும் மடியில் பால் இல்லை. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று என் மகள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

டொக்டர் திரும்ப வந்து வயிற்றில் குழாய் வைத்துச் சத்தம் கேட்டார். "தையல் நல்லாத்தான் இருக்கு. ஆனா வயிறு வேலை செய்யுதில்ல. புல்லைச் செரிக்க வைக்கிற நல்ல கிருமியெல்லாம் செத்துப்போச்சு. சுகமான மாடொண்டின்ட வயித்துத் தண்ணி கொஞ்சம் எடுத்துக் குடுப்பம். இல்லாட்டிக் கஷ்டம்" என்றார்.

"அது எச்சில் இல்லையா டொக்டர்?" என்றாள் என் மனைவி.

அவர் சிரித்தார். "மாட்டுக்கு அதுதான் மருந்து, தங்கச்சி."

சுகமான மாடு என்றால் அடுத்த வீட்டு மச்சாளின் மாடுதான். வேலி பாய்ந்து வந்து எங்கள் பயிற்றங்கொடியைத் தின்றே கொழுத்தது அது. அதற்காக மச்சாளோடு எத்தனையோ முறை சண்டை பிடித்தவன் நான்; கூசிக்கொண்டுதான் கேட்கப் போனேன்.

"எடுங்க மச்சான். ஆனா என்ட மாட்டின்ட தண்ணி உள்ளுக்க போனா உங்கட மாடும் வேலி பாயும். மறுகா என்னோட சண்டைக்கு வராதீங்க!" என்றாள் மச்சாள். மாட்டை அவளே அவிழ்த்துக் கொண்டுவந்தாள். டொக்டர் அதன் வாய் வழியே குழாய் விட்டுத் தண்ணீர் எடுக்கும்வரை கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பச்சையாய், புளித்த நாற்றத்தோடு வந்தது. ஆறுவதற்குள் வடித்து எங்கள் பசுவுக்குச் செலுத்தினார்.

மறுநாள் காலை பசுவின் வயிற்றோரம் காதை வைத்த மகள் துள்ளினாள். "அப்பா, உள்ளுக்க இடி முழங்குது!"

நானும் காதை வைத்தேன். பசு வாலைத் தூக்கியது. சொத்தென்று என் காலிலேயே விழுந்தது. நான் விலகவே இல்லை. எல்லாருமாகக் கூச்சல் போட்டோம்.

வேலிக்கு அப்பாலிருந்து மச்சாளின் குரல் கேட்டது. "என்னகா, லொத்தர்ச் சீட்டு விழுந்திட்டா?"

"இல்லகா, மாடு சாணி போட்டிருக்கு!" என்று கத்தினாள் என் மனைவி.

இப்போதும் விடிய எழும்பிச் சாணி அள்ளும்போது எனக்கு முகம் சுளிக்காது. ஓர் உயிர் நம் வீட்டில் சுகமாக இருக்கிறது என்பதை அதைவிட நன்றாகச் சொல்லும் வேறொன்றை நான் இன்னும் காணவில்லை.