ரூத் ஞானமணியின் இடது கை

சனிக்கிழமை காலை தோசைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது போர்ட் பிளேரிலிருந்து ஃபோன் வந்தது. ரூத்தின் தம்பி மகள் பேசினாள். "பெரியம்மா, அத்தை விடிகாலைல போயிட்டாங்க. தூக்கத்துலயே." நாற்காலிகளை எங்கே போடுவது என்று பின்னால் யாரோ இந்தியில் கேட்பது காதில் விழுந்தது. மழை பலமாக இருப்பதால் விமானமும் வரவில்லையாம். வந்திருந்தாலும் என் முழங்காலை வைத்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன். ரூத்துக்கு ஒரு பிடி மண் போட முடியாததால் இதை எழுதுகிறேன்.

ரூத் ஞானமணியை அறிந்த உங்களில் பலருக்கு அவள் டெய்ரி ஃபார்ம் பகுதியில் பியானோ வைத்திருந்த அம்மா. இடது கையில் இரண்டு விரல் மடங்கிப்போனவள். அந்த விரல்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க நீங்கள் தயங்கியிருப்பீர்கள். அவளுக்குத் தயக்கம் இருந்ததில்லை. "நான் போன பெறவு எழுதணும்னா எழுதுட்டி கோமதி. மறைக்கதுக்கு என்ன இருக்கு?" என்று சென்ற ஆண்டு ஃபோனில் சொன்னாள்.

அறுபதுகளின் பிற்பகுதியில் நாங்கள் இருவரும் போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர்கள். எங்கள் மேசைகள் ஒட்டிக் கிடந்தன. நான் ஹார்பரில் வேலை பார்த்த கணவரோடு அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தவள். அவள் பாளையங்கோட்டைக்காரி, தாயாரோடு ஷாதிபூரில் ஒரு மரவீட்டில் வாடகைக்கு இருந்தாள். ஞாயிறுதோறும் வேதக்கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பாள். அலுவலர்கள் கிளப்பில் ஒரு பழைய பியானோ இருந்தது. வெள்ளைக்காரர்கள் ராஸ் தீவில் விட்டுப்போனது என்பார்கள். கடற்காற்றில் அதன் கம்பிகள் துருப்பிடித்திருந்தன. மழைக்காலத்தில் கட்டைகள் ஊதிக்கொண்டு அழுத்தினால் எழும்பாது. அதை வாசிக்கத் தெரிந்தவள் ஊரில் ரூத் ஒருத்தி என்பதால் சாயங்காலங்களில் அவளை உள்ளே விட்டார்கள். துணைக்கு நானும் போவேன்.

மெட்ராஸ் கப்பலில் மாரியோ என்றொரு கோவாக்காரர் உணவுக்கூடப் பணியாளராக இருந்தார். முன்பு பம்பாய் ஓட்டல் வாத்தியக் குழுக்களில் வாசித்தவர். கப்பல் கரையில் நிற்கும் நாட்களில் கிளப்புக்கு வருவார். ஒரு நாள் அவர் கியூபா நாட்டு நடனப் பாட்டு ஒன்றை வாசித்துக் காட்டினார். சல்சா என்ற பெயர் எங்கள் காதுக்கு எட்டியது வெகுகாலம் கழித்துத்தான். அன்று எங்களுக்கு அது மாரியோ பாட்டு. வலது கை ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்பச் சுழற்றியது. இடது கை கீழ்க்கட்டைகளில் தனியாக ஒரு வழியில் போனது. ரூத் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"ஏக், தோ, தீன், சார்," என்று மாரியோ எண்ணினார். "ஒன்னுல லெஃப்ட் ஹேண்ட் விழக்கூடாது சிஸ்டர். ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல ஒன்னு. அப்புறம் நாலுல ஒன்னு. அந்த நாலு, அடுத்த வரிக்குச் சொந்தம். வெயிட் பண்ணாது."

கீர்த்தனைகளில் பழகிய ரூத்தின் இடது கையோ ஒவ்வொரு சுற்றிலும் சரியாக ஒன்றில் போய் விழுந்தது. கப்பல் போய்த் திரும்பி வரும்வரை அதோடு மல்லுக்கு நின்றாள். தாளம் தவறாமலிருக்க நான் பக்கத்தில் இரண்டு படாக் மரக் குச்சிகளைத் தட்டிக்கொண்டிருப்பேன். "சாமி பாட்டுல கை பணிஞ்சு நடக்கும்ட்டி. இதுல முந்திக்கிட்டு ஓடணும். எனக்கு முந்தி ஓடிப் பழக்கமே இல்ல," என்பாள். மழை ஓய்ந்த மாதம் அவள் கை முந்தியது. கிளப்பின் சமையற்காரர் கரண்டியோடு வாசலில் வந்து நின்று தோளை ஆட்டினார். கிறிஸ்துமஸ் நடனத்துக்கு ரூத் வாசிக்க வேண்டும் என்று குழு முடிவு செய்தது.

அந்த வாரமே அலுவலகத்தில் முதல் புகார் எழுந்தது. எங்கள் மேலாளர் ஒரு வங்காளி, கோபக்காரர் அல்ல. ரூத் அடித்த தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். "மேடம், யே க்யா ஹை? 'ஏ' கஹாங் கயா?" என்று, அந்த எழுத்து எங்கே போயிற்று எனக் கேட்டார். ஆங்கிலத் தட்டச்சில் 'ஏ' இடது சுண்டுவிரலுக்கு உரியது. தாள் முழுக்க அந்த எழுத்து சில இடங்களில் மங்கியும் சில இடங்களில் இல்லாமலும் இருந்தது. இயந்திரம் பழுது என்று ரூத் சொன்னாள். மெக்கானிக் வந்து எண்ணெய் போட்டுப் பார்த்தார். அவர் போனபிறகு அவள் இயந்திரத்தில் நான் உட்கார்ந்து அந்த எழுத்தை அடித்துப் பார்த்தேன். மையாய்க் கறுப்பாய் விழுந்தது.

சில நாள் கழித்துத் தேநீர் வந்தது. கண்ணாடி டம்ளர், துணி சுற்றாமல் என்னால் தொட முடியவில்லை. ரூத் இடது கையில் அதை வாங்கி, விரலெல்லாம் பொருந்தப் பிடித்தபடி, தன் அம்மா வளர்க்கும் கோழிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். சட்டென்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விலக்கி உதறினாள். சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் டம்ளரிலேயே ஒட்டியிருந்தன. "சுடலையா?" என்றேன். "சுடுது, சுடுது," என்றாள். மறுநாள் அந்த இரண்டு விரல்களிலும் கொப்புளம். அதை அவள் என்னிடம் மறைக்கவில்லை. அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த கப்பலில் மாரியோ வந்தார். ரூத் வாசிக்க, கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். "கீழ நோட் எங்க? சத்தமே வரலையே." அவள் மறுபடியும் வாசித்தாள். மேலே எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. சுண்டுவிரல் தொட வேண்டிய அடிக்கட்டையில் மட்டும் ஓசை வரவில்லை. விரல் கட்டை மேல்தான் கிடந்தது. "நான் அடிச்சேனே," என்றாள் ரூத். மாரியோ அவள் சுண்டுவிரலைத் தூக்கிவிட்டார். அது மெல்ல வளைந்து உள்ளே சாய்ந்தது. விளையாட்டென்று நினைத்துச் சிரித்தவள் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "இது எப்பலேருந்து?" என்றார். அவள் பியானோவின் மூடியை இறக்கிவிட்டு எழுந்தாள்.

திரும்பி நடக்கும்போது அவள் ரவிக்கைக் கை ஏறியிருந்தது. முழங்கைக்கு மேலே வெளுத்த தடிப்பு ஒன்று தெரிந்தது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். அந்தக் காலத்தில் அதற்கென்று ஒரு பெயர்தான் எல்லார் மனதிலும் வரும். யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வேலை போகும், வீடு போகும், கடல் தாண்டி மெயின்லேண்டில் ஊருக்கு வெளியே ஏதோ ஒரு கட்டடத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு.

"டான்ஸ் முடியட்டும்ட்டி," என்றாள். "அப்புறம் போறேன்."

"கை இருந்தாத்தானட்டி டான்ஸ்?"

மர ஆலைச் சங்கு ஊதி ஓயும்வரை அவள் நடந்துகொண்டே இருந்தாள். வீட்டு வாசலில் திரும்பி, "நாளைக்கு லீவு போடுதியா? தனியா போகமாட்டேன்," என்றாள்.

மருத்துவர் மலையாளி, நன்றாகத் தமிழ் பேசுவார். அவளைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சைத் திரித்து, "தொடும்போது தொடும்போது சொல்லுங்கோ," என்றார். உள்ளங்கையில் தொட்டார். "ஆமா," என்றாள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். "ஆமா, ஆமா, ஆமா." பிறகு அவர் கடைசி இரண்டு விரல்களுக்கு வந்தார். பஞ்சால் தொட்டார். பஞ்சை வைத்துவிட்டு ஊசி முனையால் தொட்டார். தொட்டுக்கொண்டே இருந்தார். ரூத் கண்ணை இறுக மூடி, முகத்தைச் சற்று நிமிர்த்தி, காத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "டாக்டர், இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டாள்.

அவர் ஒளிக்காமல் சொன்னார். தொழுநோய்தான். மாத்திரை இருக்கிறது, வருடக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். யாரையும் எங்கேயும் அனுப்ப வேண்டிய அவசியமில்லை. அந்த இரண்டு விரல்கள் திரும்பாது, மற்றவற்றைக் காப்பாற்றிவிடலாம். "வலியே இல்லாத நோய் இது. எல்லாரும் விரல் கரைஞ்ச பிறகுதான் வருவாங்க. நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க. யாரு கண்டுபிடிச்சது?"

"பியானோ," என்றாள் ரூத்.

நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வாரத்துக்குள் ஊர் முழுவதும் தெரிந்திருந்தது. கிளப்பில் அவள் தொட்ட கட்டைகளை ஃபினாயில் விட்டுக் கழுவினார்கள். நடனம் கிராமபோனை வைத்து நடந்தது. பியானோவைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பின்வராந்தாவில் சாரல் அடிக்கும் இடத்தில் விட்டார்கள். ஷாதிபூர் குழாயடியில் ரூத்தின் அம்மா குடத்தோடு போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு விலகி நிற்பார்கள். வீட்டுக்காரர் வாசலுக்கு வெளியே நின்றபடி, "வேற இடம் பாத்துக்குங்க பெஹன்ஜி," என்றார். என் கணவர்கூட, "கொஞ்ச நாள் அங்க போகாம இரேன் கோமதி," என்றார். நான் சண்டை போடவில்லை, அவருக்கும் பயம். நான் மறுநாளும் போனேன்.

மேலாளர்தான் நாங்கள் எதிர்பாராத விதத்தில் நடந்துகொண்டார். மருத்துவரின் சான்றைப் படித்துவிட்டு, "டீக் ஹை," என்று ரூத்தைத் தபால் அனுப்பும் பிரிவுக்கு மாற்றினார். வேலை நிலைத்தது. ஆனால் அந்த அறையில் அவளோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை.

அந்த மாதங்களில் அவள் இடது கையை மறுபடியும் பழக்கினாள். வாத்தியம் இல்லை, சாப்பாட்டு மேசைதான். மேசை விளிம்பில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டைகளை வரைந்து வைத்திருந்தாள். சுண்டுவிரல் செய்த வேலையை ஆள்காட்டி விரலுக்குக் கொடுத்தால் கை முழுவதும் கீழே தாவிப் போய்த் திரும்ப வேண்டும். தாவுவதற்கு நேரம் வேண்டும். அதனால் இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும். நான் குச்சிகளைத் தட்ட, அவள் ஓசையில்லாத மேசையில் தாவிக்கொண்டிருப்பாள். அவள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். வெளியே மழை. சன்னலுக்கு அப்பால் தெருவில் போகிறவர்கள் அந்த வாசல் வந்ததும் எதிர்ப்பக்கம் மாறி நடப்பது தெரியும். ரூத் நிமிர மாட்டாள். "பேசாம தட்டுட்டி. கை கேட்டுக்கிட்டு இருக்கு," என்பாள்.

டெய்ரி ஃபார்மில் ஒரு சிறிய வீடு கிடைத்தது. அதே சமயம் கிளப்பில் அந்தப் பியானோவைக் கடலில் தள்ளிவிடலாமா என்று பேசிக்கொண்டிருப்பதாக மாரியோ கேள்விப்பட்டு வந்து சொன்னார். ரூத் நேரே போய், கிளப்பின் படிக்கு வெளியே நின்று கேட்டாள். "எடுத்துட்டுப் போங்க," என்றார்கள். மரம் ஏற்றும் லாரி ஒன்று வந்தது. கூலிக்காரர்கள் கையில் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டும் தொடத் தயங்கினார்கள். மாரியோ ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனைக்கு ஆள் இல்லை. ஹார்பரிலிருந்து சைக்கிளில் வந்த என் கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, வெறுங்கையால் அதைப் பிடித்துத் தூக்கினார்.

பிறகு நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். அவள் மாத்திரைகளைச் சாப்பிட்டு முடித்தாள். நோய் போய்விட்டது என்று மருத்துவர் சொன்னார். அந்த விரல்கள் மட்டும் மடங்கியபடியே இருந்தன. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேட்டு வந்தவர்களும் இல்லை. ஓய்வு பெறும்வரை தபால் பிரிவில் இருந்தாள். காலம் போகப் போக அந்தத் தெரு அவளைத் தன் ஆளாக ஏற்றுக்கொண்டது. விசேஷ வீடுகளுக்கு அழைத்தார்கள். வாசித்தாள். நல்ல நாட்கள் நிறையவே வந்தன.

ஆனால் நான் மனதில் வைத்திருப்பது அந்த நல்ல நாட்களை அல்ல. பியானோவை இறக்கிய அன்று, பட்டப்பகலில், லாரிகூட இன்னும் கிளம்பவில்லை. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு மாரியோ பாட்டைத் தொடங்கினாள். நான் வாசலில் நின்றேன். எதிர் வீட்டுச் சன்னல் சாத்தப்பட்டது. பிறகு பக்கத்து வீடு. பிறகு அதற்கடுத்தது. தெரு முனைவரை ஒவ்வொன்றாகச் சன்னல் பலகைகள் அறைந்துகொண்டன. ஒவ்வொரு அறைதலுக்கும் அவள் தோள் ஒருமுறை குலுங்கியது. எல்லாவற்றையும் கேட்டாள். இடது கை கீழே தாவியது, திரும்பியது, மறுபடியும் தாவியது. ஒரு சுற்றிலும் தப்பவில்லை. கடைசிச் சன்னலும் சாத்திய பிறகு, சாத்துவதற்கு ஒன்றும் இல்லாத அந்தத் தெருவில், அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.