அல்போன்சா கேட்டு வாங்கிய சத்தியம்

1998-ஆம் வருஷத்துச் சாம்பல் புதனன்று, நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு கோயிலை விட்டு வெளியே வந்ததும், அல்போன்சா தன் புருஷன் இருதயநாதனை மாதா சிலை வைத்திருந்த கல் கெபிக்கு முன்னால் நிறுத்தினாள். மகள் டெய்சியை இழுத்து நடுவில் விட்டாள். அவர் கையைத் தானே தூக்கி மகள் தலைமேல் வைத்தாள். ஈஸ்டர் வரைக்கும் குடியைத் தொடமாட்டேன் என்று பிள்ளை தலையில் அடித்துச் சொல்லச் சொன்னாள். டெய்சிக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை அந்தத் தவக்காலத்துக்குள் வந்தது. அதற்காகவாவது வீடு அமைதியாக இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

இருதயநாதன் மறுக்கவில்லை. அடித்துச் சொன்னார்.

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற சாலையில் இருக்கிற ஊர் அது. பாதிப் பேர் கத்தோலிக்கக் குடும்பங்கள். அங்கே குடிக்கிற ஆண்கள் தவக்காலம் வந்தால் நிறுத்திவிடுவார்கள். முந்தின நாள் செவ்வாய்க்கிழமை, நாற்பது நாளைக்கும் சேர்த்துக் குடிப்பதுபோல் குடிப்பார்கள். புதன்கிழமை நெற்றியில் சாம்பலோடு சாதுவாகத் திரிவார்கள். ஈஸ்டரன்று ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும்போதே பிராந்திக் கடைக்கு சைக்கிள் போய்விடும். ஊர்ப் பெண்கள் அந்த நாற்பது நாளை ஆண்டவர் தந்த விடுமுறை என்றே நினைத்திருந்தார்கள். அல்போன்சாவும் அப்படித்தான் நினைத்தாள். பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்தவள் அவள். புருஷன் தவக்காலத்தில் நிறுத்திவிடுவார் என்று அங்கே பருப்புக் கடையும்போது பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

இருதயநாதன் நூல் மில்லில் சைடர். நீளமான ரிங் ஃபிரேம் மெஷினை ஒட்டி இங்கிட்டும் அங்கிட்டும் நடந்து, அறுகிற இழையை எல்லாம் விரலால் ஒட்டுகிற வேலை. ஷிப்டு முழுக்க நடைதான். முதலில் ஷிப்டு முடிந்து வரும்போது உடம்பு வலிக்கென்று குடி ஆரம்பித்தது. பதினைந்து வருஷத்தில் அது, காலையில் மில் பஸ் வருவதற்கு முன்னாலேயே பாட்டிலைத் திறக்கிற அளவுக்கு வந்திருந்தது. அடிக்கிற ஆள் இல்லை. ஏசுகிற ஆளும் இல்லை. குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அவரோடு பேசுவதும் அந்தச் சுவரோடு பேசுவதும் ஒன்றுதான் என்பாள் அல்போன்சா.

ஆரம்ப வருஷங்களில் தவக்காலம் வந்தால் இரண்டு நாள் எரிந்து விழுவார், அவ்வளவுதான். பிறகு கை நடுக்கம் வந்தது. அதற்கடுத்த வருஷம் நடுக்கத்தோடு வாந்தி. முந்தின வருஷம் மூன்று நாள் தாக்குப் பிடித்தவர், நான்காம் நாள் போய்க் குடித்துவிட்டு வந்தார். மனசில் உறுதி குறைந்துபோச்சு என்று அல்போன்சா முடிவு கட்டினாள். அதனால்தான் இந்த வருஷம் பிள்ளை தலை.

வியாழக்கிழமை காலையில் இருதயநாதனால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மார்கழி போய் மாசி வந்துவிட்டது, ஆனாலும் குளிருகிறது என்றார். ஆனால் சட்டை வேர்வையில் பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. மத்தியானம் பக்கத்து வீட்டுச் சங்கிலி வந்து எட்டிப் பார்த்தான். அவனும் அதே மில்தான், அவனும் குடிக்கிறவன்தான். அவனுக்கு இருதயநாதன் மாமன் முறை மாதிரி, அல்போன்சா தங்கச்சி மாதிரி. எந்த முறைக்கும் கணக்குப் பொருந்தாது, யாரும் பார்ப்பதில்லை.

"தங்கச்சி, ஒரு மூடி ஊத்து. செத்த நேரத்துல அடங்கிரும். இது எனக்குத் தெரிஞ்ச நோவு."

"பிள்ளை தலையில அடிச்சிருக்குண்ணே."

சங்கிலி தலையை ஆட்டிக்கொண்டே தன் வீட்டுக்குத் திரும்பினான்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கட்டிலில் உட்கார்ந்திருந்த இருதயநாதனின் கண் மேலே சொருகியது. உடம்பு விறைத்து, பிறகு உதறி உதறி இழுத்தது. வாயில் நுரை. யாரோ ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். யாரோ ஜெபம் சொன்னார்கள். சத்தியத்தைக் காப்பாற்றவிடாமல் கெட்டது எதுவோ தடுக்கிறது என்று ஒரு குரல் கேட்டது. சங்கிலி மட்டும் ரோட்டுக்கு ஓடினான். ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த மில் வேனைக் கையை விரித்து மறித்தான். டெய்சியைத் தன் வீட்டில் விட்டுவிட்டு அவனும் ஏறிக்கொண்டான்.

திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு ஆஸ்பத்திரியில்தான் வேன் போய் நின்றது. அங்கே பணியிலிருந்தவர் டாக்டர் நர்கீஸ். குள்ளமான, கண்ணாடி போட்ட அம்மா. நாடியைப் பிடித்துக்கொண்டே, இவர் குடிப்பாரா என்று கேட்டார்.

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். இல்லீங்க என்றாள் அல்போன்சா. அவளைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. நிறுத்தியாயிற்றே.

சங்கிலி தொண்டையைச் செருமினான். டாக்டர் அவனைப் பார்த்தார், பிறகு அல்போன்சாவைப் பார்த்தார். கேள்வியை மாற்றினார்.

"நிறுத்தி எத்தனை நாளாச்சு?"

"செவ்வாக்கிழமை ராத்திரி கடைசிங்க. ரெண்டு நாளாச்சு. வருஷாவருஷம் தவக்காலத்துக்கு நிறுத்திருவாருங்க, டாக்டரம்மா." அந்த நேரத்திலும் அவள் குரலில் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். நர்ஸிடம் ஊசிக்குச் சொன்னார். குளுக்கோஸ் ஏற்றுங்கள், தெம்பாக இருக்கும் என்று சங்கிலி யோசனை சொன்னபோது, முதலில் வைட்டமின் ஊசி, குளுக்கோஸ் அதற்குப் பிறகுதான் என்றார். இருதயநாதன் அடங்கித் தூங்கிய பிறகு அல்போன்சாவைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இத்தனை வருஷம் தினமும் குடித்த உடம்பு அதற்குப் பழகிவிட்டது, சட்டென்று நிறுத்தினால் மூளை தறிகெட்டு ஓடும், வலிப்பு வரும், சில பேருக்கு உயிரே போகும் என்றார். நிறுத்துவதும் ஆரம்பிப்பதும் மறுபடி நிறுத்துவதுமாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிடக் கடுமையாகும் என்றும் சொன்னார்.

அல்போன்சாவுக்கு வருஷங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எரிச்சல். நடுக்கம். வாந்தி. இப்போது இது. பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒவ்வொரு தவக்காலமும் ஒரு படி கீழே இறங்கியிருந்தது.

"நாந்தாங்க நிறுத்தச் சொன்னேன்" என்றாள்.

"சொன்னது தப்பில்லம்மா. இங்க கூட்டிட்டு வந்து சொல்லியிருக்கணும்."

மாடியில் குடியை நிறுத்த வருகிறவர்களுக்கென்று ஆறு கட்டில் போட்ட ஒரு வார்டு இருந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க இருதயநாதன் அங்கே தூங்கினார். நர்ஸ் நேரம் தவறாமல் வந்து நாடி, ரத்த அழுத்தம் பார்த்து எழுதிவிட்டுப் போனார். சனிக்கிழமை காலையில் தெளிந்து எழுந்து, மூன்று இட்லி சாப்பிட்டு, டெய்சி எங்கே என்று கேட்டார். இனி ஊசி வேண்டாம், மாத்திரை போதும். இன்றைக்கு இவ்வளவு, நாளைக்கு அதில் குறைவு, அப்படியே குறைத்துக் கடைசியில் நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். அல்போன்சா நிம்மதியாக மத்தியான பஸ் பிடித்து ஊருக்குப் போனாள்.

டெய்சி கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். அப்பா இட்லி சாப்பிட்டதைக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"சத்தியம் பண்ணும்போதே அப்பா கை என் தலையில ஆடுச்சும்மா. சொல்லலாம்னு பாத்தேன்."

அல்போன்சா மகள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் திரும்பி வந்தபோது, இருதயநாதன் கட்டிலில் உட்கார்ந்து காற்றில் இழை ஒட்டிக்கொண்டிருந்தார். கட்டை விரலும் சுட்டு விரலும் சேர்ந்து திருகின. இல்லாத நூலைப் பிடித்தன, இழுத்தன, ஒட்டின. வேர்வை சொட்டியது. சைடு முழுக்க அறுந்து கிடக்கிறது, சூப்பர்வைசர் வருகிறான், ஏலே சங்கிலி இங்கிட்டு வா என்று கத்தினார். அல்போன்சாவைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை.

டாக்டர் நர்கீஸுக்குப் புரியவில்லை. கொடுத்த மாத்திரையின் அளவு சரி. நேரமும் சரி. சீட்டை இரண்டு தடவை பார்த்தார். அந்த இடைவெளியில் அல்போன்சா, நனைந்த தலையணை உறையை மாற்றலாம் என்று உருவினாள். உள்ளேயிருந்து மாத்திரைகள் உதிர்ந்தன. மூன்று. எச்சிலில் ஊறிக் கரைந்து, பஞ்சோடு ஒட்டிக் காய்ந்தவை. சனிக்கிழமை கொடுத்த மாத்திரை ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

மறுபடி ஊசி போட்டார்கள். கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பை ஏற்றினார்கள். நாளைக் காலைக்குள் அடங்க வேண்டும், அதுவரை யாராவது பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். அல்போன்சா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்துக் கட்டில்காரர் சடையாண்டி, தொப்பம்பட்டிப் பக்கத்து விவசாயி, ஐந்தாம் நாள் தெளிவில் இருந்தவர், எழுந்து வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

"ஏனுங்க, தப்பு என்னோடதுங்க. இந்த மாத்திரையும் அந்தச் சரக்கும் ஒண்ணுதானுங்க, ரெண்டும் தூக்கம் வர்ற சமாச்சாரம், அது கடையில விக்குது இது ஆஸ்பத்திரியில விக்குதுன்னு நேத்து வெளையாட்டாச் சொன்னேனுங்க. அவரு முகமே மாறிப்போச்சுங்க."

அப்போதுதான் அல்போன்சாவுக்கு விளங்கியது. மனிதர் திருட்டுத்தனம் பண்ணவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு கிடந்திருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் காப்பாற்றிய சத்தியம், அதனாலேயே சாகக் கிடக்கிறார்.

திங்கட்கிழமை விடிந்தபோது இழை அறுவது நின்றிருந்தது. மத்தியானம் கண் திறந்தவர், அல்போன்சா என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் தண்ணீர் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தார். நர்ஸ் மாத்திரைத் தட்டோடு வந்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டார். டாக்டர் சொல்லிப் பார்த்தார். இது சாராயமில்லை, மூளையை மெதுவாகத் தரையிறக்குகிற மருந்து என்றார். இருதயநாதன் தலையைத் திருப்பிக்கொண்டார். ஊசியிலேயே ஓட்ட முடியாது, அவராக விழுங்க வேண்டும் என்று அல்போன்சாவிடம் சொல்லிவிட்டு டாக்டர் நகர்ந்தார்.

அல்போன்சா தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பிள்ளை தலை அல்போன்சா" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி.

"தலையில கைய வச்சு வாங்குனது யாரு? நானு. பாவம் இருந்தா என் தலையில இருக்கட்டும். உங்களுக்கு எதுக்கு அந்தக் கவல?"

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அல்போன்சா எடுத்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"பாருங்க. இன்னைக்கி மூணு. புதங்கிழமை ரெண்டு. வெள்ளிக்கெழம ஒண்ணு. ஞாயித்துக்கெழம பாதி. அப்புறம் கெடையாதுன்னு அந்தம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கு. நீங்க போற பிராந்திக் கடைக்காரன் என்னைக்காச்சும், யோவ் இருதயநாதா, நாளைக்கி உனக்குப் பாதிதான், நாளன்னிக்கி கெடையாதுன்னு சொல்லியிருக்கானா?"

பக்கத்துக் கட்டிலில் சடையாண்டி சிரித்துவிட்டார். இருதயநாதன் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். சீட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். எண்களை மட்டும் ஒவ்வொன்றாக வாய்க்குள் படித்தார்.

"ஞாயித்துக்கெழமைக்கு அப்புறம் ஒண்ணுமே கெடையாதா?"

"ஒண்ணுமே கெடையாது. சத்தியத்தைக் காப்பாத்தணும்னா ஆளு இருக்கணும்ல."

அவர் வாயைத் திறந்தார். விழுங்கியதும் நாக்கைத் தூக்கிக் காட்டினார், யாரும் கேட்காமலேயே.

அந்த ஒரு வாரம் சீட்டில் இருந்தபடியே போனது. நடுக்கம் முழங்கையிலிருந்து விரலுக்கு இறங்கி, விரலிலிருந்தும் போனது. பசி வந்தது. ஆஸ்பத்திரிச் சோற்றுக்கு வெஞ்சனம் சரியில்லை என்று குறை சொல்ல ஆரம்பித்தார். அதைக் கேட்டு அல்போன்சாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பதினைந்து வருஷமாக என்ன வைத்தாலும் உப்புக்காரம் தெரியாமல் தின்ற மனிதர் அவர். சங்கிலி ஒருநாள் பார்க்க வந்து, வார்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இங்கே ஒரு கட்டிலுக்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று நர்ஸிடம் விளையாட்டுப்போல் விசாரித்தான்.

கிளம்புகிற அன்று டாக்டர் இரண்டு பேரையும் உட்காரவைத்து, உடம்பில் இருந்ததைத்தான் இறக்கியிருக்கிறோம், இது முதல் படி என்றார். செவ்வாய்க்கிழமை தோறும் கீழே ஹாலில், நிறுத்தியவர்கள் கூடிப் பேசுவார்கள், வர வேண்டும், அவளும் வர வேண்டும் என்றார். ஈஸ்டருக்குப் பிறகுமா என்று இருதயநாதன் கேட்டார். ஈஸ்டர் முடிந்து கிறிஸ்துமஸ் வந்தாலும் வர வேண்டும் என்றார் டாக்டர். இருதயநாதன் அல்போன்சாவைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை ஷிப்டு மாற்றிக் கேட்க வேண்டும் என்றார். அதற்கு மேல் எந்தச் சத்தியமும் யாரும் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் வேடசந்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அல்போன்சா உட்கார்ந்தாள். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து டிக்கெட் எடுத்தார். பஸ் ஊரைத் தாண்டுவதற்குள்ளேயே அவள் தலை அவர் தோளில் சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. நிறுத்தங்கள் ஒவ்வொன்றாகப் போயின. தங்கள் ஊர் வந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். இருதயநாதன் எழுந்திருக்கவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

அடுத்த ஊரில் அவள் விழித்துப் பார்த்துத் திடுக்கிட்டாள். ஏன் எழுப்பவில்லை என்று கடிந்துகொண்டே இறங்கினாள். திரும்ப ஒன்றரை மைல் நடக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டது.

"நீ இப்பிடித் தூங்கி நான் பாத்ததே இல்ல அல்போன்சா. எழுப்ப மனசு வரல."

"நல்ல மனசு. பையக் குடுங்க."

"நான் தூக்குறேன். நீ நட" என்றார் அவர். இருவரும் ரோட்டோரம் நடந்தார்கள்.