கதவுக்கு அந்தப் பக்கம்

விடியலில் துறைமுகத்தில் கப்பல் ஊதினால் எனக்கு ரம்யா ஞாபகம்தான் வரும். பொறியியல் படிக்கிற கொருக்குப்பேட்டைப் பெண். என் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, எங்களைப் போன்றவர்களின் கைக்கு ஏற்ற கருவிகள் செய்யக் கற்றுக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பே தன் மூட்டுகளைத் தின்கிற வாதம்.

ராயபுரம் கிளினிக்குக்கு மாலையில்தான் போவேன். காலையில் விறைத்துக் கிடக்கும் விரல்கள் அதற்குள் இளகிவிடும். பரவாயில்லை என்று பொய் சொல்வேன். உண்மையைச் சொன்னால், வீட்டில் துணைக்கு யார் என்று டாக்டர் கேட்பார். யாருமில்லை.

"காலைல கை எப்டிக்கா கீது? நான் வந்து பாக்கட்டா?" என்று ரம்யா கேட்டாள்.

மறுநாள் விடியலில், துறைமுகத்தில் கப்பல் ஊதும் நேரம், திருவொற்றியூரில் என் கதவைத் தட்டினாள். விறைத்த விரல்களுக்குத் தாழ்ப்பாள் அசையவில்லை.

"கை வரலம்மா. போயிடு."

"இன்னாக்கா தொரத்துற? இங்கியே ஒக்காந்துகினு கீறேன். மெதுவா தொற."

அவள் ரயில்வே கேட்டில் காலேஜ் பஸ்ஸைத் தவறவிட்ட கதையெல்லாம் சொன்னாள். வெகுகாலம் கழித்து என் வீட்டு வாசலில் ஒரு குரல் இருந்தது. வெயில் ஏறித்தான் கதவு திறந்தது. அவள் கருவிக்காக எதையும் அளக்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது சொன்னாள்: "டாக்டர் மேடத்தாண்ட நெசத்த சொல்லிடுக்கா. கூட யாருன்னு கேட்டா என் நம்பரக் குடு."