அடுப்பைத் தூக்க வந்தவர்கள்

உளுந்தூர்பேட்டையில் அரிசி மண்டி வைத்திருக்கிறேன். வசூலில் நான் கெட்டிக்காரன். இன்றைக்கும் அதில் சந்தேகமில்லை.

சாப்பாட்டுக் கடை சரோஜா அக்கா திவாலாகி மஞ்சள் கடுதாசி கொடுக்கப்போகிறார் என்று பேச்சு கிளம்பியதும், மளிகைக்காரர் கிரைண்டரையும் பால்காரர் ஃபிரிட்ஜையும் தூக்க வந்துவிட்டார்கள். நான் மறித்தேன்.

"அடுப்பு எரிஞ்சாத்தானேங்க நம்ம காசு வரும்?"

மேற்கொண்டு கடனுக்கே இன்னொரு மூட்டை அரிசியும் இறக்கினேன்.

கடை பிழைத்தது. அவர்கள் இருவருக்கும் பாக்கி தீர்ந்தது. எனக்கு மட்டும் வரவில்லை. கோபமாகப் போய் நின்றேன்.

"இன்னாக்கா, காப்பாத்துனவனுக்குக் கடைசியிலயா?"

"வெளியாளுங்களுக்கு மொதல்ல குடுத்துட்டேன் தம்பி. நீ நம்ம வூட்டு ஆளு. ஒக்காரு, சாப்புடு."

பணம் பிறகு வந்து சேர்ந்தது. வசூலுக்குப் போன இடத்தில் இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கியது அன்றைக்கு மட்டும்தான்.