களப்பு ராஜாவுக்கு இறால் ஆகாது

எங்கள் உம்மா வீட்டில் ஒரு ராஜா இருந்தார். 'இருந்தார்' என்று மரியாதையாக எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் ராஜா அல்லவா? உச்சமுனைக்கு அப்பால், கடல் உள்ளே புகுந்து கிடக்கும் களப்பின் அடியில், உப்புக் கட்டிகளால் எழுப்பிய ஒரு பட்டணத்தை ஆளும் ஜின் ராஜா. நினைத்த நேரம் நினைத்த உருவம் எடுப்பார். வியாழக்கிழமைகளில் அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு எங்கள் மாமியின் உடம்பில் இறங்குவார். இறங்கியதும் பச்சை முட்டை கேட்பார்.

அந்த முட்டையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒரு கண்ணாடிக் கோப்பையில் அதை உடைத்து ஊற்றி, மேலே கருப்பட்டி சீவிப் போட்டுக் கொடுப்பார்கள். ராஜா வாய் நிறைய இழுப்பார். கன்னங்களுக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் அலசுவார். பாதியை விழுங்கிவிட்டு மீதியைக் கோப்பைக்குள்ளேயே திருப்பி விடுவார். அதுதான் பரக்கத்தாம், ஆசீர்வாதமாம். பிறகு கோப்பை வீடு முழுக்கச் சுற்றும். எச்சிலும் மஞ்சள் கருவும் நூல் நூலாக இழுபடும் அந்தக் கோப்பையை, மீன் கழுவிய கையால் தண்ணீர்க் குடத்தைத் தொட்டாலே எங்களை அடிக்க வரும் என் உம்மா, கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தார். என் முறை வந்தபோது எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகும் ஒவ்வொரு தடவையும் போய்விடுவேன்.

மாமி என்பவர் என் வாப்பாவின் மூத்த சகோதரி. அவர் எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தார் என்று சொன்னால்தான் ராஜா எப்படி வந்தார் என்பது விளங்கும். எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். கல்யாணத்தோடு வீடு மகள் பேருக்குப் போய்விடும். அதுவரை அந்த வீட்டை ஆண்ட தாய், அன்றிலிருந்து பின்னறையில் பாய் விரித்துக்கொள்வாள். மாமியும் தன் வீட்டை ஒரே மகளுக்குக் கொடுத்தவர்தான். அவருடைய மருமகன் வெங்காயம் பயிரிடுகிறவன். முதலில் மாமியின் பின்னறையில் ஒரு உரமூட்டையை வைத்தான். பிறகு இன்னொன்று. கடைசியில் மாமி படுக்க இடமில்லை. ஒரு துணிப்பையோடு தம்பி வீட்டுக்கு வந்தார். வாப்பா மௌத்தான பிறகும் எங்கள் முன்னறையிலேயே இருந்தார்.

எனக்குக் கொடுத்த வீடு மதுரங்குளியில். உம்மா இருந்த வீடு தங்கச்சிக்கு. நானா, எங்கள் அண்ணன், ஆண் பிள்ளை என்பதால் அவருக்கு வீடு இல்லை, தென்னந்தோட்டம்தான். தங்கச்சிக்கு ஏற்கெனவே இரண்டு இடம் பேசி முறிந்திருந்தது. மூன்றாவதாக வந்தவர் கற்பிட்டியில் ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறவர். இருவரும் போனில் கதைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு மட்டும் தெரியும். "இவர விட்டா எனக்கு வேற ஒருத்தரும் வேணாம் ராத்தா" என்று அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். எதையும் வாய்விட்டுக் கேட்காத பிள்ளை அவள். பெருநாளுக்கு உடுப்புக் கூட, கொடுத்ததைத்தான் உடுப்பாள். அவள் ஆசைப்பட்டுக் கேட்டு நான் அறிந்தது அது ஒன்றுதான்.

கல்யாணம் நடந்தால் உம்மா பின்னறைக்குப் போவார். அப்போது மாமி எங்கே போவார்? இதை யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பேச்சு தொடங்கிய அதே கிழமை வியாழனன்று ராஜா வந்து இறங்கினார்.

முதல் தடவை இருமிக்கொண்டே வந்த கிழவர். அடுத்த கிழமை மிட்டாய் கேட்டு அழும் பிள்ளை. அதற்கடுத்து மூக்கைச் சிந்திச் சுவரில் தடவும் ஒரு சிப்பாய். எந்த உருவம் எடுத்தாலும் அவருக்கு வயது வித்தியாசமே கிடையாது. எங்கள் எல்லோரையும் 'மகனே', 'மகளே' என்றுதான் அழைப்பார். எங்கள் ஊரில் யாரும் அப்படி இழுத்துக் கூப்பிடுவதில்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் காதுக்குள் பூச்சி போனது போலிருக்கும்.

அவருடைய பட்டணத்துக் கதைகளையும் சொல்வார். அங்கே ஏழு வாசல், ஏழுக்கும் ஏழு காவல். மந்திரி ராஜாவின் தண்ணீரில் நஞ்சு கலப்பான். ராஜா காகமாகிப் பறந்துபோய்க் கூரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்பார். ராணி, கருவூலத்துச் சாவியைத் தன் கூந்தலுக்குள் ஒளித்துவைப்பாள். கேட்கக் கேட்க எனக்கு ஒன்று விளங்கியது. உம்மா அலுமாரிச் சாவியைத் தலைமயிருக்குள் சொருகுகிறவர். மந்திரிக்கு வலது கண் துடிக்குமாம், நானாவுக்கும் துடிக்கும். கடல் அடியிலாவது, பட்டணமாவது! எங்கள் வீட்டைத்தான் மாமி உப்பால் கட்டி எங்களுக்கே காட்டிக்கொண்டிருந்தார்.

அதைவிட அருவருப்பானது, மற்றவர்கள் செய்தது. ராஜா இறங்கியதும் ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் தனியே போய் 'முறைப்பாடு' வைக்கலாம். நானா போய் உம்மாவைப் பற்றிச் சொல்வார். உம்மா போய் நானாவின் மனைவியைப் பற்றிச் சொல்வார். பக்கத்து வீட்டுப் பெண் என் உம்மாவைப் பற்றியே சொல்லிவிட்டு, வெளியே வந்து உம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடிப்பாள். ஒருவர் சொன்னதை ராஜா அடுத்தவரிடம், காகமாகிக் கேட்டதாகச் சொல்வார். அவர்கள் வாய் பிளந்து நிற்பார்கள். நான் பிறந்து வளர்ந்த வீடு, ஒருவர் முதுகில் ஒருவர் துப்பும் இடமாகிப் போனது. வியாழக்கிழமைகளில் பாலாவியில் பஸ் மாறி அங்கே போய்ச் சேரும்போது, வாசல் படலையைத் தொடவே எனக்குப் பிடிக்காது. தங்கச்சிக்காகத்தான் போவேன்.

ஒரு வியாழன் ராஜா நாயாக வந்தார். மாமி கையையும் காலையும் ஊன்றி நின்றார். தரையில் பீங்கானை வைத்து உம்மா சோறு போட்டார். மாமி நாக்கால் நக்கித் தின்றார். குழம்பு மூக்கில் ஏறித் தும்மினார், தும்மியதையும் சேர்த்து நக்கினார். சோறு போனது, ஈரல் போனது, கிழங்கு போனது. நானா அன்று காலையில் வாங்கிவந்த இறால் மட்டும் ஒன்றுகூடப் போகவில்லை. மூக்காலும் நாக்காலும் ஒவ்வொன்றாக ஓரத்துக்குத் தள்ளிவைத்தார்.

மாமிக்கு இறால் ஆகாது. தின்றால் உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடித்துச் சொறிவார். சின்னப் பிள்ளையிலிருந்தே எங்களுக்கு இது தெரியும். நான் சும்மா இருக்கவில்லை.

"களப்பையே ஆளுற ராஜாக்கு இறால் ஆகாதா உம்மா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்களேன்" என்றேன்.

"ஜின்னுக்கும் சில சாமான் ஒத்துக்காது மகள். நீ சும்மா இரு" என்றார் உம்மா.

நானா இன்னும் ஒரு படி மேலே போனார். "தன்ட குடிசனத்தையே ராஜா தின்பாரா? விளங்காமக் கதைக்காத" என்றார். பட்டம் படித்த மனிதர். நான் தலையில் அடித்துக்கொண்டேன். தங்கச்சி மட்டும் கதவோரம் நின்று அந்த இறால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து பீங்கானை எடுத்துக் கழுவப் போனாள்.

மாப்பிள்ளையின் தாய் முடிவுப் பேச்சுக்கு வருவதாகச் சொன்ன நாள் ஒரு வியாழன். பின்னேர அஸருக்கே வந்து போய்விடுவார்கள், ராஜா இறங்கும் முன் எல்லாம் முடிந்துவிடும் என்று உம்மா கணக்குப் போட்டிருந்தார். மழை பிடித்துக்கொண்டது. அவர்கள் வந்து கதிரையில் உட்காரவும் மஃரிபு பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. தொழுகை முடிந்ததும் உம்மா அவசர அவசரமாகச் சாப்பாடு எடுக்கச் சொன்னார்.

முன்னறைக் கதவு திறந்தது. மாமி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு மணப்பெண் நடையில் வந்தார். பல் இல்லாத வாயால் சிணுங்கினார். வந்தவர்களுக்கு நடுவில் நின்று, "இந்த வீட்டில் கல்யாணம் நடந்தால் மாப்பிள்ளை ஒரு பெருநாள் காணமாட்டான் மகளே" என்றார்.

மாப்பிள்ளையின் தாய் எழுந்துவிட்டார். அவருடைய கால் செருப்பைத் தேடியது. உம்மா, "இல்ல, இல்ல, இருங்க" என்று அவருடைய கையைப் பிடித்தார். நானா நிலத்தைப் பார்த்தார். அப்போதுதான் தங்கச்சி சாப்பாட்டுத் தட்டோடு குசினியிலிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. தட்டு கையிலிருந்து விழுந்தது. சோறும் இறாலும் சீமெந்துத் தரையெங்கும் சிதறின. அதன் நடுவில் அவள் முழங்காலிட்டுத் தலையைச் சுழற்றினாள்.

"அந்தக் கிழட்டு உடம்பு எனக்குச் சலித்துவிட்டது" என்றாள். அவள் தொண்டையிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. "இனி என் அரண்மனை இவள்தான்."

நிலத்தில் கிடந்த ஒரு பெரிய இறாலை எடுத்தாள். ஓடு, தலை, மீசை, எதையும் கழற்றவில்லை. அப்படியே வாயில் போட்டு மென்றாள். நறுக் நறுக் என்று சத்தம் வந்தது. கடைவாயில் குழம்பு வழிந்தது. இன்னொன்று எடுத்தாள். "என் குடிசனத்தை நான் தின்பேன், துப்புவேன். கேட்க யார்?" என்றாள். மூன்றாவதை எடுத்து, மாமியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நீ தின்னு மகளே."

மாமி முந்தானையை மெல்ல இறக்கினார். 'பொய்' என்று அவர் சொன்னால், அவர் இத்தனை நாள் நக்கியதும் துப்பியதும் என்ன? அவர் இறாலைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். "ஓம். ராஜா என்கிட்ட இல்ல. போய்ட்டாரு" என்றார். சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய், புது ராஜாவுக்கு முட்டை உடைத்துக்கொண்டு வந்தார். அந்த ஒரு கணம் அவர் மேல் வந்த இரக்கமும் எனக்கு அத்தோடு போனது.

மாப்பிள்ளையின் தாய் காலில் மாட்டிய செருப்பைக் கழற்றினார். ஓடிவிடுவார் என்று நான் நினைத்த அந்தப் பெண், சிதறிக் கிடந்த சோற்றை மிதித்துக்கொண்டு தங்கச்சியிடம் போய்க் குனிந்தார். "ராஜா, என்ட மூத்த மகளுக்கு ஏன் புள்ள தங்குதில்ல? கொஞ்சம் சொல்லுங்களேன்." கல்யாணம் அந்த இடத்திலேயே முடிவானது. மருமகளோடு ஒரு ராஜாவும் கிடைத்தால் எந்த மாமியார் விடுவாள்?

அவர்கள் போன பிறகு கிணற்றடியில் தங்கச்சி வாய் கொப்பளித்தாள். நான் தண்ணீர் அள்ளி ஊற்றினேன்.

"தொண்டையில ஓடு குத்துது ராத்தா" என்றாள்.

சிரித்தோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். "நிக்காஹ் முடியட்டும் ராத்தா. அந்த ராஜாவக் களப்புக்கே அனுப்பிட்டுத்தான் எனக்கு மத்த வேல" என்றாள். நான் நம்பினேன். அவளும் நம்பித்தான் சொன்னாள்.

கல்யாணம் நடந்தது. வீடு அவள் பேருக்கு வந்தது. உம்மா பின்னறைக்குப் போனார். மாமி முன்னறையிலேயே இருக்கிறார், ராஜாவுக்கு முட்டை உடைத்துக் கொடுக்க ஆள் வேண்டுமே. தங்கச்சியின் மாமியார் கற்பிட்டியிலிருந்து வியாழன்தோறும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார். படலைக்கு வெளியே த்ரீவீல்கள் வரிசையாக நிற்கும். ஆசைப்பட்டுக் கட்டிய மாப்பிள்ளை, வெளியே மாமரத்தடியில் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார். முட்டை முடிந்தால் கடைக்குப் போய் வாங்கி வருவார்.

தங்கச்சிக்கு வயிற்றில் பிள்ளை தங்கியபோது அவளால் தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை. தொடர்ந்து வாந்தி. ஒரு வியாழன், "இன்டைக்கி ராஜா வரல்ல மாமி" என்று மாமியாரிடம் சொன்னாளாம். அந்த அம்மாவின் முகம் மாறிப்போனதாம். "அப்ப அன்டைக்கி என்ட முன்னுக்கு வந்தது யாரு?" என்று கேட்டாராம். பிறகு அக்கம்பக்கத்தில், "கூடப் பொறந்தவளே ஒரு மிடறு குடிக்கிறதில்லையே, அது ஏன்?" என்று கேட்கத் தொடங்கினார். உம்மா எனக்கு போன் எடுத்து அழுதார். ஏமாத்திக் கட்டினதாகச் சொல்லி மகனைக் கூட்டிக்கொண்டு போய்விடப் போகிறார்கள், வயிற்றில் பிள்ளையோடு இவள் என்ன செய்வாள் என்றார்.

அடுத்த வியாழன் போனேன். கூடம் நிறைய ஆட்கள். வியர்வையும் ஊதுபத்தியும் முட்டை வாடையும் கலந்து அடித்தது. தங்கச்சி கதிரையில் இருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்து, உதடு வெடித்து, பச்சை முட்டையை வாயில் அலசிக்கொண்டிருந்தாள். அவள் தொண்டை குமட்டலில் ஏறி ஏறி இறங்கியது. ஆனாலும் விழுங்கினாள். மீதியைத் துப்பினாள். கோப்பையை எனக்கு நீட்டினாள். கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. மாமியார் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். கோப்பைக்குள் மஞ்சள் கரு ஆடியது.

வாங்கிக் குடித்தேன். வெதுவெதுப்பாக, வழுவழுப்பாக, அவள் வாய்ச் சூட்டோடு அது இறங்கியது. நடுவில் நிறுத்தினால் கக்கிவிடுவேன் என்று தெரிந்து, முழுவதையும் ஒரே மூச்சில் குடித்து முடித்தேன்.

"ராஜாதானே?" என்று கேட்டார் மாமியார்.

"ஓம், ராஜாதான்" என்றேன்.

தங்கச்சி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கிணற்றடியில் சிரித்தவளை அந்தக் கண்ணில் தேடினேன். "நல்லது மகளே" என்றாள்.

முற்றத்துக்குப் போய் மாமரத்தடியில் எல்லாவற்றையும் கக்கினேன். மாப்பிள்ளை போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

இப்போது அவளுக்கு ஆண் பிள்ளை. வீடு கலகலவென்று இருக்கிறது, குறை ஒன்றும் இல்லை என்கிறார் உம்மா. போன ஞாயிறு அவளுக்குப் பகலில் போன் எடுத்தேன். பிள்ளை அழும் சத்தம் கேட்டது, அவள் அதை ஆட்டிக்கொண்டே கதைத்தாள். பக்கத்தில் ஆளே இல்லை என்று அவளே சொன்னாள். போனை வைக்கும்போது, "எப்ப வாறாய் மகளே?" என்று கேட்டாள்.