கம்பளிக்குள் கிடந்த பிள்ளை

பிள்ளையைத் துணியில் சுற்றித் தூங்க வைப்பது எனக்குத் தெரியாத காரியமில்லை. மலாயாவில், சிகாமட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் என் மூத்தவளை அப்படித்தான் வளர்த்தேன். துவைத்து நைந்த வேட்டித் துணி போதும். நெஞ்சுக்கும் துணிக்கும் நடுவே என் கை நுழைய வேண்டும். கால்கள் மடங்கி உதைக்க இடம் வேண்டும். முகம் திறந்திருக்க வேண்டும். மல்லாக்கக் கிடத்தினால் திடுக்கிட்டு விழிக்காமல் தூங்கும்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் நாங்கள் பிள்ளைகளை விட்டுப்போவது ஆயாக்கொட்டகையில். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவியை நாங்கள் துரைசாணி என்போம். அவர் நல்ல மனதோடுதான் பிள்ளைக்கு ஒன்றாகக் கம்பளித் துணி கொடுத்தார். அவர் ஊர்க் குளிருக்கு அது சரி. இங்கே தகரக் கூரைக்குக் கீழே கம்பளியா? ஆனால் அவர் கொட்டகையைப் பார்க்க வந்த அன்று, எல்லாப் பிள்ளைகளையும் அதில் சுற்றிவைக்கும்படி ஆயாவுக்கு எங்களை வேலை வாங்கும் கங்காணி உத்தரவு போட்டிருக்கிறார். காலையில் விட்டுப்போன எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெட்டு முடிந்து பால் கொடுக்க ஓடிவந்தேன். கொட்டகை அமைதியாக இருந்தது. பிள்ளைகள் பலகையில் வரிசையாக, மூட்டை கட்டியதுபோல் கிடந்தார்கள்.

"பாத்தியா, ஒரு சத்தமில்ல. எல்லாம் நல்லா தூங்குது," என்றாள் ஆயா பெருமையாக.

ஈ மொய்க்காமலிருக்க முகத்தையும் மூடியிருந்தாள். விலக்கினேன். என் சின்ன மகள் முகம் சிவந்து, வேர்வையில் ஊறி, துவண்டு கிடந்தாள். மார்பில் வைத்தேன், வாய் திறக்கவில்லை. கம்பளியை உருவி எறிந்து, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து விசிறினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வீறிட்டாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதற்குள் துரைசாணியோடு கங்காணி வந்துவிட்டார்.

"ஏ புள்ள, அவங்க குடுத்த துணிய இப்படியா வீசுவ? மரியாத தெரியாது?"

"நீங்க இதச் சுத்திக்கிட்டு கொஞ்ச நேரம் இங்க படுங்க கங்காணி. அப்புறம் மரியாதயப் பேசலாம்," என்றேன்.

"நாளைக்கு ஒனக்கு வேல இல்ல," என்று பல்லைக் கடித்தார். போகட்டும்! என் பிள்ளையைவிட வேலை பெரிதா?

எங்கள் பேச்சு துரைசாணிக்குப் புரியவில்லை. சத்தமில்லாத வரிசையைப் பார்த்து முகம் மலர்ந்தார். பிறகு கதறிக்கொண்டிருந்த என் மகளைக் காட்டி, தமக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், "சாக்கிட்?" என்று கேட்டார். இந்தப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார்! அங்கே நன்றாக இருந்தது அவள் ஒருத்திதான்.

அழுகிறவளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவர் கண்முன்னாலேயே பக்கத்துப் பிள்ளையின் கட்டை அவிழ்த்தேன்.