ஒரு கம்பியில் இரண்டு பேர்

ஜவ்வாது மலையில் சாமையைத் தீட்டி அரிசியாக்கும் கூடம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூரைத் தகடு போடும் கட்டத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக என்னை அனுப்பினார்கள். படிப்பை முடித்துவிட்டு நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை அது. கண்ணமங்கலத்தில் முதல் பேருந்தைப் பிடித்து வந்து இறங்கியதிலிருந்து கிளம்பும்வரை உட்கார மனம் வராது. கூரைமேல் ஆட்கள் நடக்க நடக்க, கீழே நானும் அண்ணாந்து பார்த்தபடி நடந்துகொண்டிருப்பேன்.

கூரை முகட்டின் இரு முனைகளிலும் குட்டையான இரும்புத் தூண்களை நிறுத்தி, நடுவே எஃகுக் கம்பிவடம் ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தார்கள். மேலே ஏறுகிறவர் தோளையும் தொடையையும் சுற்றிய பெல்ட்டை அணிந்து, அதிலிருந்து வரும் கயிற்றின் கொக்கியை வடத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். நடந்தால் கொக்கியும் கூடவே நகரும். தவறினால் வடம் பிடித்துக்கொள்ளும்.

முதல் நாளே ஏறிப் பார்த்தேன். ஒரு தூணை, தகட்டைத் தாங்கும் மெல்லிய குறுக்குப் பட்டியில் பற்றவைத்திருந்தார்கள். அதைப் பெரிய சட்டத்துக்கு மாற்றச் சொன்னேன். மேஸ்திரி செங்கத்துக்காரர், என் அப்பா வயது இருக்கும். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நானே ஆட்டிப் பாத்தேன் மேடம். அசையல. இன்னும் இன்னா வேணும் உங்களுக்கு?"

"நீங்க கையால ஆட்டனீங்கண்ணா. ஆளு வுழுந்தா இழுக்கறது வேற மாதிரி இருக்கும்."

மாற்றி முடிக்க அரை நாள் போனது. அதோடு நான் விடவில்லை. கூடத்தின் நடுவே இயந்திரத்தை வைக்க ஒரு கான்கிரீட் மேடை கட்டியிருந்தது. விழுந்தால் வடம் எவ்வளவு தொய்யும், கயிறு எவ்வளவு நீளம், ஆள் எவ்வளவு உயரம் என்று தாளில் கூட்டிப் பார்த்தேன். கால் மேடையில் மோதும் என்று வந்தது. எல்லோருக்கும் குட்டைக் கயிறு வாங்க வைத்தேன். கை எட்டவில்லை, வேலை ஓடவில்லை என்று முணுமுணுத்தார்கள்.

மறுநாள் காலை மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேர் மேலே இருந்தார்கள். மேஸ்திரியும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அந்த வடத்துல ரெண்டு பேருக்குத்தான் கணக்குண்ணா. ஒருத்தர் வுழுந்தா மத்தவங்களயும் சேத்து இழுக்கும்."

"மழ வந்து தகடு பறந்தா நீங்க வந்து புடிப்பீங்களா?"

ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பெல்ட்டைக் கழற்றித் தரையில் வீசிவிட்டுச் சற்றுத் தள்ளிப் போய் நின்றார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் பள்ளிக் கட்டடம் கட்டுகிறவர்கள் டிராக்டரில் வந்து, எங்களிடம் இருந்த ஒரே ஏணியைக் கேட்டார்கள். மனம் மேஸ்திரி மேலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டேன்.

பதினொரு மணி இருக்கும். மேலே இருந்தவர்களில் ஒருவர் மலைக்காரர். சொந்த நிலத்தில் சாமை விதைத்துவிட்டு இடைப்பட்ட நாளில் கூரை வேலைக்கு வருகிறவர். திருகாணி போடாத தகட்டின் ஓரத்தில் கால் வைத்தார். தகடு துலாக்கோல் போலத் தூக்கிக்கொண்டது. சத்தம் கேட்டு நான் உள்ளே ஓடும்போது அவர் பட்டிகளுக்கு நடுவே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். மேடைக்கும் அவர் காலுக்கும் நடுவே ஓர் ஆள் உயரம் இல்லை. அதே வடத்தில் இருந்த இன்னொருவர் இழுபட்டுக் குப்புற விழுந்து, முட்டியில் ரத்தம் வழிய ஒரு பட்டியைக் கட்டிப் பிடித்திருந்தார்.

வடம் தாங்கிவிட்டது. தாங்கிய பிறகு என்ன செய்வது என்று நான் யோசித்தே வைக்கவில்லை. ஏணி இல்லை. பெல்ட்டில் தொங்குகிறவருக்குத் தொடைப்பட்டை இறுகி, ரத்தம் காலிலேயே தங்கி மயக்கம் வரும் என்று படித்திருக்கிறேன். படித்தது முழுக்க அப்போது தலைக்குள் ஓடியது, கை மட்டும் ஓடவில்லை.

"காலு மரத்துப் போவுதுங்க," என்றார் தொங்கியவர். குரல் ஏற்கெனவே தேய்ந்திருந்தது.

மேஸ்திரி எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. மேடைமேல் தாவி ஏறி, தொங்கியவரின் இரண்டு பாதங்களையும் பிடித்துத் தன் தோள்மேல் வைத்துக்கொண்டார்.

"ஏறி நில்லுப்பா. எம்மேல நில்லு, பயப்படாத." பிறகு என்னைப் பார்த்தார். "இன்னாம்மா பாத்துக்கினு நிக்கிற? ஏணிக்கு ஓடு!"

ஓடினேன். பள்ளிக் கட்டடம் அரைப் பர்லாங்குதான். இருவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் ஓடிவந்தார்கள். திரும்பி வரும்போதும் மேஸ்திரி அப்படியே நின்றிருந்தார். கழுத்து நரம்பு புடைத்து, சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. வந்தவர்களில் ஒருவர் ஏணியில் ஏறித் தொங்கியவரைத் தாங்க, இன்னொருவர் கொக்கியை விடுவித்தார். மேலே இருந்தவரையும் அதே ஏணியில் மெல்ல இறக்கினோம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மலைக்காரருக்கு எலும்பு முறிவு எதுவும் இல்லை என்றார்கள். விலாவிலும் தொடையிலும் பெல்ட் பதிந்த இடம் கன்றிப் போயிருந்தது. மாலை வரை வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "குட்டக் கயிறு கட்ட வெச்சது நீங்களாமே" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏணியை அனுப்பியதும் நான்தான் என்று சொல்ல நினைத்தேன். அன்றைக்குச் சொல்லவில்லை.

மறுநாள் மேஸ்திரியிடம் அதைச் சொன்னேன்.

"தெரியும்மா. நானும் கேட்டுக்கினுதான இருந்தேன், வேணாம்னு சொல்லலியே," என்றார்.

ஒருமுறை ஆளைத் தாங்கிய வடத்தை மறுபடி நம்பக்கூடாது என்றேன். எதிர்ப்பேச்சு இல்லாமல் அவரே கழற்றிச் சுருட்டிப் போட்டார். புது வடம் வரும்வரை வேலை நின்றது. அந்த நாட்களில் ஒன்றில் நானே பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கூரைச் சட்டத்தில் கயிற்றைக் கட்டி, தரையிலிருந்து இரண்டு முழ உயரத்தில் தொங்கவிடச் சொன்னேன். எவ்வளவு நேரத்தில் இறக்குகிறீர்கள் பார்க்கலாம் என்றேன். முதலில் சிரித்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் தொடை இரண்டும் எரிந்தன, மூச்சு மேலேயே நின்றது. அவர்களோ ஏணியை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கால் தரையில் பட்டதும் மேஸ்திரி கைப்பேசியைப் பார்த்தார்.

"நாலு நிமிசம். இது ஆவாது," என்றவர் ஆட்கள் பக்கம் திரும்பினார். "இந்த வாட்டி என்னத் தொங்க வுடுங்கடா."